தேனீயின் கொடுக்கும் மூட்டுவாதமும்: ஒரு சிகிச்சையின் வரலாறு



நம் பள்ளிவாசல்களில் தொழுகை வரிசையின் ஓரத்தில் இடப்படும் நாற்காலிகள் ஆண்டுக்காண்டு கூடி வருகின்றன. ஸஜ்தாவில் நெற்றியைப் பதிக்க உள்ளம் துடித்தும் முழங்கால் இடம் கொடுக்காத பெரியவர்கள் ஒருபுறம். விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் மாவு பிசையவும் இயலாமல் தவிக்கும் தாய்மார்கள் மறுபுறம். இத்தகைய வலியோடு நாள்களைக் கடத்துபவர்கள், யார் எந்த மருந்தைச் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்பது இயல்பே.

அவ்வாறு சொல்லப்படும் மருந்துகளுள் ஒன்று, வலியுள்ள மூட்டின்மீது தேனீயைக் கொட்டச் செய்யும் சிகிச்சை. "தேனீ அருள்மறையில் பெயர் சொல்லிப் பேசப்பட்ட உயிரினம், ஆகவே அதன் கொட்டிலும் நிவாரணம் உண்டு" என்ற வாதமும் இதனோடு சேர்ந்தே வருகிறது. இச்சிகிச்சை எங்கே தொடங்கியது? அதனை மருத்துவ உலகின் முன் வைத்தவர் யார்? ஆய்வுக்கூடங்கள் அந்த விஷத்தில் கண்டவை யாவை? நோயாளிகளிடம் கண்டவை யாவை? இவற்றை வரலாற்று வரிசையில் காண்போம்.

வசனம் பேசுவது எதைப் பற்றி?

முதலில் மார்க்கம் சார்ந்த வாதத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயமான அந்நஹ்லின் 68, 69ஆம் வசனங்கள் தேனீயைப் பற்றிப் பேசுகின்றன. மலைகளிலும் மரங்களிலும் மனிதர் கட்டும் அமைப்புகளிலும் கூடமைக்குமாறு இறைவன் தேனீக்கு உணர்த்தியதையும், அதன் வயிற்றிலிருந்து பல நிறங்களில் ஒரு பானம் வெளிப்படுவதையும், அதில் மனிதர்க்கு நிவாரணம் இருப்பதையும் அவை எடுத்துரைக்கின்றன. அந்தப் பானம் தேன். கொடுக்கில் சுரக்கும் விஷம் பானமும் அன்று. இவ்வசனங்களில் அது குறிப்பிடப்படவும் இல்லை. ஸஹீஹுல் புகாரியில் நிவாரணம் தருவனவாகக் கூறப்படும் மூன்றுள் ஒன்று தேன் அருந்துதல். ஏனையவை இரத்தம் குத்தி எடுத்தலும் சூடிடுதலும். அவற்றிலும் சூடிடுவதைத் தம் சமுதாயத்தினர்க்குத் தாம் தடுப்பதாக நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். தேனீக் கொட்டு இப்பட்டியலிலும் இடம்பெறவில்லை.

அப்படியாயின் தேனீ விஷத்தை மருந்தாக ஆராயக் கூடாதா என்றால், அவ்வாறும் இல்லை. எந்த நோயை அல்லாஹ் இறக்கினாலும் அதற்குரிய நிவாரணத்தையும் இறக்கியே இருக்கிறான் என்ற நபிமொழி, மருந்தைத் தேடும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. ஆனால் அவ்வாறு தேடப்படும் பொருள் சோதனையின் மூலமே தன்னை நிறுவ வேண்டும். ஆகவே, தேனீ விஷம் மூட்டுவாதத்தைக் குணப்படுத்துமா என்பது ஈமான் சார்ந்த வினா அன்று. ஆய்ந்தறிய வேண்டிய வினா. அதற்கு "இல்லை" என்று விடை வந்தாலும், வசனத்தின் உண்மைக்கு அதனால் எக்குறையும் நேராது.

மரிபோர் நகரத்து மருத்துவர்

இச்சிகிச்சையின் நவீன வரலாறு பிலிப் டெர்ச் என்ற மருத்துவரிடமிருந்து தொடங்குகிறது. 1844இல் பொஹீமியாவில் பிறந்த இவர், அன்றைய ஆஸ்திரியப் பேரரசுக்குட்பட்டிருந்த மரிபோர் நகரில் மருத்துவராகப் பணியாற்றினார். இன்று அந்நகரம் சுலோவீனியாவில் உள்ளது. வாத நோயால் துன்புற்றிருந்த அவரைத் தேனீக்கள் கொட்டிய பின் வலி தணிந்தது என்றும், அதுவே அவரை இத்துறைக்குத் திருப்பியது என்றும் கூறப்படுகிறது. பின்னர் அவர் தம்மிடம் வந்த வாத நோயாளிகளுக்குத் தேனீக்களைக் கொண்டு சிகிச்சையளித்து, தாம் கண்டவற்றைக் குறித்து வைத்தார்.

1888இல் வியன்னாவின் மருத்துவ இதழ் ஒன்றில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. தேனீக் கொட்டுக்கும் வாத நோய்க்கும் இடையே ஒரு விந்தையான தொடர்பு இருக்கிறது என்பதே அதன் பொருள். நலமாயிருப்பவரைத் தேனீ கொட்டினால் அவ்விடம் உடனே வீங்குகிறது. வாத நோயாளிக்கோ தொடக்கத்தில் அவ்வளவு வீக்கம் ஏற்படுவதில்லை. பலமுறை கொட்டிய பின்னரே வீக்கம் தோன்றுகிறது. மேலும் தொடர்ந்தால், தேனீ வளர்ப்போரைப் போல உடல் அவ்விஷத்துக்குப் பழகிவிடுகிறது. அந்நிலையை எட்டும்போது வாத வலியும் குறைகிறது என்பது அவர் கருத்து. அவர் 1917இல் இறந்தார். தேனீப் பொருள்களால் சிகிச்சையளிப்போர் இன்றும் அவர் பிறந்த நாளான மார்ச் 30ஐ நினைவுகூர்கின்றனர்.

டெர்ச் பொய்யுரைத்தார் என்று கூற எந்தக் காரணமும் இல்லை. ஆயினும் அவர் முறையில் இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, அக்காலத்தில் "வாதம்" என்ற ஒரே சொல்லுக்குள் பல நோய்கள் அடங்கியிருந்தன. மூட்டின் குருத்தெலும்பு தேய்வதால் வருவது ஒரு நோய். உடலின் எதிர்ப்பு ஆற்றலே தன் மூட்டுகளைத் தாக்குவதால் வரும் முடக்குவாதம் வேறொரு நோய். யூரிக் அமிலம் படிவதால் வருவது இன்னொன்று. தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சல் மற்றொன்று. இவற்றின் காரணமும் போக்கும் வெவ்வேறானவை. இரண்டு, இந்நோய்களில் பல தாமாகவே ஏறி இறங்கும் தன்மையுடையவை. வலி உச்சத்தை அடையும்போதுதான் நோயாளி மருத்துவரைத் தேடி வருவார். அதன் பிறகு மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சிலருக்கு வலி இறங்கும். மருந்து பெறாத மற்றொரு குழுவை அருகில் வைத்து ஒப்பிட்டால் மட்டுமே, வலி இறங்கியது மருந்தாலா, நோயின் இயல்பாலா என்பது தெரியும்.

இந்த உண்மை நம் முன்னோர் அறியாத ஒன்றன்று. ரய் நகரிலும் பக்தாதிலும் பணியாற்றிய அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீ, மூளையுறை அழற்சிக்கு இரத்தம் எடுப்பது பயன் தருகிறதா என்று அறிய, ஒரு குழுவினர்க்கு இரத்தம் எடுத்ததாகவும், மற்றொரு குழுவினரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாமல் விட்டதாகவும் எழுதிவைத்துள்ளார். டெர்ச்சுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒப்பிட்டுப் பார்க்கும் எண்ணம் அந்த மருத்துவருக்கு இருந்தது.

அட்லாண்டிக்கைக் கடந்து

டெர்ச்சுக்குப் பின் இச்சிகிச்சை ஜெர்மனியில் ஊசி மருந்தாகவும் களிம்பாகவும் உருமாறியது. ஹங்கேரியில் பிறந்து நியூயார்க்கில் மருத்துவராக இருந்த போடோக் பெக், தேனீ விஷச் சிகிச்சை பற்றி 1935இல் ஒரு விரிவான நூல் எழுதினார். அவரிடம் கற்றவர்களுள் ஒருவர், வெர்மான்ட் மாநிலத்தின் மிடில்பரி ஊரைச் சேர்ந்த தேனீ வளர்ப்பாளர் சார்லஸ் மிராஸ். வாதக் காய்ச்சலுக்குப் பின் தம் முழங்கால்களில் வலி நீடித்தபோது, தேனீக்களை அங்கே கொட்டச் செய்து அவர் பயன் கண்டதாகக் கூறினார். 1999இல் தாம் இறக்கும் வரை, தேடி வந்தவர்களுக்கு அம்முறையைக் கற்றுக்கொடுத்தார். இன்று வழங்கும் தேனீ விஷச் சிகிச்சையில் ஒரு பகுதி இவ்விருவரின் வழிவந்தது.

இதற்கிடையே மருத்துவ உலகில் பெரும் திருப்பம் ஒன்று நிகழ்ந்தது. 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் அவதியுற்ற ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் செலுத்தினார். சில நாள்களில் அப்பெண் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் ஆகிய மூவரும் நோபல் பரிசு பெற்றனர். இத்தனை விரைவாகச் செயற்படும் மருந்து கைக்கு வந்த பின், தேனீயைத் தேடிச் செல்ல மருத்துவர்களுக்குக் காரணம் இருக்கவில்லை. ஆனால் கார்ட்டிசோனை நெடுநாள் உட்கொள்வதால் எலும்பு மெலிதல், சர்க்கரை உயர்தல் முதலிய பக்கவிளைவுகள் தோன்றுவது விரைவில் தெரிந்தது. "இயற்கையான" மாற்று ஏதேனும் உண்டா என்ற தேடலில் தேனீ விஷம் மீண்டும் பேசப்படலாயிற்று.

விஷத்தினுள் இருப்பவை

ஒரு தேனீ கொட்டும்போது உட்செலுத்தும் விஷம் மிகச் சிறிது. ஒரு மில்லிகிராமில் ஏழில் ஒரு பங்களவே இருக்கும். அந்தச் சிறு துளியில் பல பொருள்கள் உள்ளன. உலர்ந்த விஷத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி, 26 அமினோ அமிலங்களால் ஆன மெலிட்டின் என்ற பொருள். அடுத்துப் பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்ற நொதி. ஒவ்வாமையைத் தூண்டுவதில் முதன்மையானது இதுவே. நரம்புகளைப் பாதிக்கும் அபாமின், திசுக்களினூடே விஷம் பரவ வழிசெய்யும் ஹயலூரோனிடேஸ் ஆகியனவும் உள்ளன.

அழற்சி என்பது உடல் தன் காயத்துக்கோ தொற்றுக்கோ காட்டும் எதிர்வினை. சிவத்தல், வீங்குதல், சூடேறுதல், வலித்தல் ஆகியன அதன் அடையாளங்கள். முடக்குவாதத்தில் இவ்வெதிர்வினை தணியாமல் தொடர்ந்து மூட்டையே அரிக்கிறது. தேனீ விஷம் இதனைத் தணிக்கக்கூடும் என்பதற்கு ஆய்வுக்கூடத்தில் மெய்யான சான்றுகள் கிடைத்தன. 1972இல், தேனீ விஷம் செலுத்தப்பட்ட நாய்களின் இரத்தத்தில் கார்ட்டிசால் உயர்வது கண்டறியப்பட்டது. இது கார்ட்டிசோனுக்கு நெருங்கிய இனமாய் உடலே சுரப்பது. 1973இல் பிரித்தானிய ஆய்வாளர்கள், விஷத்திலுள்ள 22 அமினோ அமிலங்களால் ஆன ஒரு பொருள் எலிகளிடம் அழற்சியைக் குறைப்பதாக நேச்சர் இதழில் வெளியிட்டனர். 2004இல் கொரிய ஆய்வாளர்கள், உயிரணுக்களில் அழற்சியைத் தூண்டிவிடும் என்.எப். கப்பா பி என்னும் புரதத்தின் ஒரு பகுதியோடு மெலிட்டின் இணைந்து அதன் செயலைத் தடுப்பதாகக் கண்டனர். ஆகவே தேனீ விஷத்துக்கு அழற்சியைத் தணிக்கும் ஆற்றல் உண்டு என்பது வெறுங்கதை அன்று.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். அதே மெலிட்டின் உயிரணுக்களின் உறையைத் துளைத்து உடைக்கிறது. வலியும் வீக்கமும் அதனால்தான் உண்டாகின்றன. வலியை ஆராய்வோர் எலிகளிடம் வலியையும் அழற்சியையும் உண்டாக்குவதற்கே தேனீ விஷத்தைப் பயன்படுத்துகின்றனர். 1996 முதல் இது அறியப்பட்ட ஓர் ஆய்வு முறை. ஒரே துளி தீயை மூட்டவும் செய்கிறது, அணைக்கவும் செய்கிறது. அளவு, இடம், காலம் ஆகியன சிறிது மாறினாலும் விளைவு தலைகீழாகிறது. கொட்டும் தேனீயோ அளந்து கொட்டுவதில்லை.

நோயாளிகளிடம் கண்டவை

எலியிடம் பலித்தது மனிதரிடம் பலித்ததா? கொரியாவிலும் சீனாவிலும் தேனீ விஷத்தை அக்குபங்சர் புள்ளிகளில் ஊசியால் செலுத்தும் முறை பரவலாக உள்ளது. முடக்குவாதத்துக்கு இம்முறை பயன் தருகிறதா என்பது குறித்த ஒப்பீட்டுச் சோதனைகளையெல்லாம் தேடித் தொகுத்த கட்டுரையொன்று 2014இல் பி.எம்.ஜே. ஓப்பன் இதழில் வெளிவந்தது. தகுதியுடையதாக அவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு சோதனை. டெர்ச்சின் கட்டுரை வந்து நூறாண்டுகளுக்கு மேல் கடந்த பின் இருந்த நிலை இது. அந்த ஒரு சோதனையில் நல்ல அறிகுறிகள் தென்பட்டாலும், அதனைக் கொண்டு முடிவு கூற இயலாது என்றே தொகுத்தவர்கள் எழுதினர்.

தேனீ விஷம் குறித்துப் பெருநம்பிக்கை நிலவிய மற்றொரு நோய், நரம்புறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். 2005இல் நெதர்லாந்தில் 26 நோயாளிகளிடம் உயிருள்ள தேனீக்களைக் கொண்டே சோதனை நடத்தப்பட்டது. நோயின் போக்கிலோ அன்றாட இயக்கத்திலோ எந்த முன்னேற்றமும் காணப்படவில்லை. நம்பிக்கை எவ்வளவு உறுதியாயிருப்பினும், சோதனை அதற்கு இணங்குவதில்லை என்பதற்கு இது சான்று.

தீங்கைப் பற்றிய சான்றுகளோ தெளிவாகவே உள்ளன. தேனீ விஷச் சிகிச்சையின் ஆபத்துகளைத் தொகுத்த ஆய்வொன்று 2015இல் பிளாஸ் ஒன் இதழில் வந்தது. வெறும் உப்புநீர் ஊசி பெற்றவர்களைவிட, விஷ ஊசி பெற்றவர்களுக்குப் பக்கவிளைவுகள் மிகுதி என்று அது காட்டியது. 2018இல் ஸ்பெயின் நாட்டிலிருந்து ஒரு துயரச் செய்தி மருத்துவ இதழில் பதிவாயிற்று. 55 வயதுப் பெண்மணி ஒருவர், தசை இறுக்கத்துக்காகவும் மன அழுத்தத்துக்காகவும் உயிருள்ள தேனீக்களால் கொட்டச் செய்யும் சிகிச்சையை ஈராண்டுகள் மேற்கொண்டிருந்தார். அதுவரை அவருக்கு எத்தீங்கும் நேர்ந்ததில்லை. ஒருநாள் ஒரு தேனீ கொட்டியதும் மூச்சுத்திணறி மயங்கினார். சில வாரங்களில் உறுப்புகள் பல செயலிழந்து இறந்தார்.

ஈராண்டுகள் நேராத தீங்கு ஒருநாள் ஏன் நேர்ந்தது? ஒவ்வாமை அவ்வாறே உருவாகிறது. முந்தைய கொட்டுகளில் உடல் அவ்விஷத்தை அடையாளம் கண்டு, அதற்கெதிரான ஒவ்வாமைப் புரதங்களைச் சிலருக்கு உருவாக்கிக்கொள்கிறது. பிறிதொரு நாளில் அவை ஒருசேரச் செயற்பட்டு, இரத்த அழுத்தத்தைச் சரித்து, மூச்சுக்குழாயை அடைத்துவிடுகின்றன. "எனக்கு முன்பு ஒன்றும் ஆகவில்லை" என்பது ஆகவே காப்புறுதி ஆகாது. அந்நேரத்தில் உயிரைக் காப்பது அட்ரினலின் ஊசி. இரத்த அழுத்தத்துக்காகப் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை உண்பவர்களுக்கு அவ்வூசியும் சரிவரப் பயன் தராமற்போகலாம். மூட்டுவலியுள்ள நம் பெரியவர்களுள் எத்தனை பேர் இரத்த அழுத்த மாத்திரை உண்கிறார்கள் என்பதை ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப் பார்க்கட்டும்.

விஷம் மருந்தாகும் வழி

விஷத்திலிருந்து மருந்து பிறப்பதில்லையா? பிறக்கிறது; ஆனால் அதற்கு ஒரு வழி இருக்கிறது. யூனானி மருத்துவர்கள் மூட்டுவலிக்கு ஸூரிஞ்சான் என்ற கிழங்கைப் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தி வந்தனர். அச்செடியின் இனம் அளவு மிகுந்தால் கொல்லும் நஞ்சு. 1820இல் பிரான்சின் பெல்லட்டியேவும் கவான்துவும் அவ்வினச் செடியிலிருந்து கால்ச்சிசின் என்ற பொருளைத் தனித்துப் பிரித்தனர். இன்று யூரிக் அமில மூட்டுவலிக்கு அது நுட்பமாக அளந்த மாத்திரையாகக் கிடைக்கிறது. பிரேசில் நாட்டு விரியன் இனப் பாம்பின் விஷத்தை ஆராய்ந்ததன் பயனாக உருவான கேப்டோப்ரில், 1981இல் இரத்த அழுத்த மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதற்காக யாரும் பாம்பிடம் கையை நீட்டவில்லை. செயற்படும் பொருளைப் பிரித்தறிந்து, அதனையொத்ததைச் செய்து, அளவை வரையறுத்து, ஒப்பிட்டுச் சோதித்த பின்னரே அது மருந்தாயிற்று.

தேனீ விஷமும் ஒரு துறையில் இவ்வழியே சென்று வென்றுள்ளது. தேனீக் கொட்டுக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு, தூய்மைப்படுத்திய விஷத்தை மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிச் செலுத்தினால், அவர்கள் உடல் அதனைத் தாங்கப் பழகுகிறது. கொட்டும் பூச்சிகளின் தூய விஷத்தைக் கொண்டு செய்யும் இம்முறையின் பயனை 1978இல் வெளியான ஒப்பீட்டுச் சோதனை நிறுவியது. மருத்துவர் முன்னிலையில், அவசர மருந்துகள் அருகிருக்க, இது இன்றும் செய்யப்படுகிறது. மூட்டுவாதத்துக்கான பயன் இவ்வாறு நிறுவப்படவில்லை. மாறாக, டெர்ச்சின் கட்டுரைக்குச் சரியாக நூறாண்டு கழித்து 1988இல், மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து முடக்குவாதத்துக்காக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இன்றும் பெரும்பாலோர்க்கு முதலில் தரப்படுவது அதுவே.

தேனீயின் உயிரும் ஓர் அமானிதம்

இன்னொரு செய்தியையும் மறத்தலாகாது. மனிதரைக் கொட்டும் தேனீயின் கொடுக்கில் முட்கள் இருப்பதால் அது தோலில் சிக்கிக்கொள்கிறது. தேனீ விலகும்போது கொடுக்கோடு அதன் வயிற்றின் பகுதியும் பிய்ந்துபோக, அது இறந்துவிடுகிறது. ஒரு நோயாளிக்குப் பத்துக் கொட்டுகள் என்றால் பத்துத் தேனீக்களின் உயிர். எறும்பு, தேனீ, ஹுத்ஹுத், ஸுரத் ஆகிய நான்கைக் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூதில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியே அறிவிப்பு உள்ளது. மெல்லிய மின்சாரம் பாயும் கம்பிகளைக் கூட்டின் முன் வைத்து, தேனீக்கள் இறவாமல் விஷத்தைச் சேகரிக்கும் முறை 1963இலேயே அறிவியல் இதழில் வெளியாகிவிட்டது. ஆகவே ஆய்வுக்கு விஷம் வேண்டுமென்றாலும் உயிரைப் பறிக்கத் தேவையில்லை. உயிருள்ள தேனீக்களைக் கொட்டச் செய்வோரிடம் கேட்க வேண்டிய வினா இது.

மருத்துவம் கற்றறியாமல் மருத்துவம் பார்ப்பவர், அதனால் நேரும் தீங்குக்குத் தாமே பொறுப்பாளி என்ற நபிமொழியும் அபூதாவூதில் உள்ளது. சிகிச்சையளிப்பவர் நல்லவரா என்பதோடு, அவர் அறிந்தவரா என்றும் கேட்க மார்க்கமே நமக்குக் கற்றுத்தருகிறது.

குடும்பத்தார் கவனிக்க வேண்டியது

முடக்குவாதத்தில் காலமே பெரும் செல்வம். கைவிரல்களின் சிறு மூட்டுகள் இருபுறமும் வீங்குதல், காலையில் எழுந்ததும் மூட்டுகள் அரைமணி நேரத்துக்கு மேல் விறைத்திருத்தல் ஆகியன தென்பட்டால், வாத நோய் மருத்துவரிடம் தாமதமின்றிச் செல்ல வேண்டும். தொடக்க மாதங்களில் சரியான மருந்து தொடங்கினால், மூட்டு கோணிப்போவதைப் பெரும்பாலும் தடுக்கலாம். அம்மாதங்களை வேறு சோதனைகளில் கழித்துவிட்டால், அரிக்கப்பட்ட எலும்பு மீள்வதில்லை. முழங்கால் தேய்மானத்துக்கோ தொடைத் தசைகளை வலுவாக்கும் பயிற்சியும், உடல் எடையைக் குறைப்பதும் சோதித்தறிந்த வழிகள். இவற்றுக்குத் தேனீயும் வேண்டாம், பெரும் பணமும் வேண்டாம்.

தேனீயின் வயிற்றிலிருந்து வரும் பானத்தை நன்றியோடு அருந்துவோம். அதன் கொடுக்கிலுள்ளதை ஆய்வாளர்கள் ஆராயட்டும். அதில் ஒரு மருந்து மறைந்திருந்தால் அது வெளிப்படும் நாளில், இன்ஷா அல்லாஹ், அதனையும் நன்றியோடு ஏற்போம். அதுவரை நம் வீட்டுப் பெரியவர்களின் உடலைச் சோதனைக் களமாக்காதிருப்போம்.

நோயுற்றோர் அனைவர்க்கும் வல்ல அல்லாஹ் பூரண நிவாரணம் அளித்து, நின்றும் குனிந்தும் ஸஜ்தா செய்தும் அவனைத் தொழும் ஆற்றலைத் தந்தருள்வானாக! ஆமீன்.